மீனை ஏமாற்றும் பிளாஸ்டிக் புழு

தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோத்து மீன் பிடிப்பவர்களைக் குளக்கரையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மண்புழுவுக்குப் பதில் உயிரற்ற பிளாஸ்டிக் துண்டு ஒன்றைக் கோத்தால் மீன் கடிக்குமா? கடிக்கும்! அது ஏன் என்று பார்ப்போம்.

வீட்டுத் தண்ணீர்க் குழாய்கள் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. இயல்பில் அது விறைப்பானது. 1926இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குட்ரிச் ரப்பர் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டோ செமன் என்ற வேதியியல் அறிஞர், அதனை ஒருவகைத் திரவத்துடன் சேர்த்துச் சூடாக்கினார். அது ரப்பரைப் போலத் துவண்டது. பி.வி.சி.யின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். திரவ மூலக்கூறுகள் அவற்றினிடையே புகுந்து, சங்கிலிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றாமல் தடுக்கின்றன. இத்தகைய திரவத்தை ‘நெகிழ்வூட்டி’ எனலாம். 1949இல் அதே நகரில் நிக் கிரீம் என்பவர், மென்மையான பிளாஸ்டிக்கை மண்புழு வடிவில் அச்சில் வார்த்து மீன்பிடி இரையாக்கினார்.

மென்மைதான் இதில் முக்கியம். இப்போது மீன் வடிவ இரைகளும் வருகின்றன. அவற்றின் வால் நுனி சிறு துடுப்புப் போலத் தட்டையாக இருக்கும். இரையை நீரில் இழுக்கும்போது, வாலின் இருபுறமும் மாறி மாறி நீர்ச் சுழல்கள் பிரிகின்றன. ஒவ்வொரு சுழலும் பிரியும்போது வால் ஒரு பக்கம் தள்ளப்படுகிறது. மீனின் உடலில் செவுள் முதல் வால் வரை ‘பக்கக்கோடு’ என்ற உணர் உறுப்பு உண்டு. நீரின் மெல்லிய அசைவுகளை அது உணரும். ஆகவே கலங்கல் நீரிலும் மீன் இந்த அசைவை அறிந்து, இரை என்று பாய்கிறது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். பலூனிலிருந்து ஒரு நீளத் துண்டும், பழைய பிளாஸ்டிக் அட்டையிலிருந்து அதே அளவில் ஒரு துண்டும் வெட்டுங்கள். இரண்டையும் நூலில் கட்டி வாளித் தண்ணீரில் இழுங்கள். எது நெளிகிறது?

இந்த இரையைக் ‘கயாக்’ படகிலிருந்து வீசுவோர் பலர். ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் சீல் தோல் போர்த்திச் செய்த குறுகிய வேட்டைப் படகே கயாக். இன்று அதுவும் பெரும்பாலும் பிளாஸ்டிக்கே! எஞ்சின் இரைச்சல் இல்லாததால் மீன் கலையாமல் அருகில் செல்லலாம். ஆனால் துடுப்பு படகில் ‘டொக்’ என்று இடித்தால் போதும். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். நீரிலோ சுமார் 1500 மீட்டர்!

மீன் கடித்த பிறகு நியூட்டன் வருகிறார். படகும் ஆளும் சேர்ந்து 100 கிலோகிராம், மீன் இழுக்கும் விசை 50 நியூட்டன் என்று கொள்வோம். நீரின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், முடுக்கம் 50/100, அதாவது 0.5 மீ/வி². மீன் படகையே இழுத்துச் செல்லும்! மீன் பக்கவாட்டில் இழுத்தால் குறுகிய படகு கவிழக்கூடும். எனவே தூண்டில் கோலைப் படகின் முன்புறம் நோக்கிப் பிடிப்பார்கள். உயிர்காப்புச் சட்டையும் கட்டாயம் அணிய வேண்டும்.

சரி, முள்ளிலிருந்து பிய்ந்து விழும் இரை என்ன ஆகிறது? மண்புழு மக்கிவிடும், பிளாஸ்டிக் புழு மக்காது. ஏரியின் அடியில் கிடக்கும் அதனை மீன்கள் விழுங்குவதும் உண்டு. 2013இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இவ்விரைகளைத் தடை செய்ய மசோதா கொண்டுவரப்பட்டது. தடை வரவில்லை, ஆய்வு செய்ய முடிவாயிற்று.

மற்றொரு செய்தி. இந்த இரைகளைப் பாலிஸ்டைரீன் பெட்டியில் போட்டு வைத்தால், நாளடைவில் பெட்டி இளகிப் பிசுபிசுக்கும். நெகிழ்வூட்டி இரையிலேயே தங்கிவிடுவதில்லை; கசிந்து பெட்டிக்குள் புகுகிறது. புழுவை நெளிய வைத்த அதே திரவம்தான் பெட்டியைக் கெடுக்கிறது.

அதனால் பொறுப்புள்ள மீன்பிடிப்பவர்கள் கிழிந்த இரைகளை நீரில் எறிவதில்லை. படகிலேயே ஒரு பையில் சேர்த்துக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். மீனை ஏமாற்றலாம், ஏரியை ஏமாற்ற முடியாது அல்லவா?