காரின் 'தோல்' உரிகிறதா? பாலிஷுக்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கோயில் திருவிழா நாளில் வாகன நிறுத்துமிடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும். வீரா, வாஜா, கஞ்சில், கெலிசா என்று வரிசையாக நிற்கும் பழைய கார்கள் பலவற்றின் கூரையிலும் பானட்டிலும் வெள்ளை வெள்ளையாகத் தேமல் படர்ந்திருப்பதைக் காணலாம். அதன் ஓரத்தில் மெல்லிய தாள் போல ஒன்று உரிந்து தூக்கிக்கொண்டிருக்கும். விரல் நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாகக் கையோடு வந்துவிடும்.

"வெயில்ல நின்னு வெளுத்துப் போச்சு, ஒரு பாலிஷ் போட்டா சரியாயிடும்" என்பதுதான் நம்மில் பலர் சொல்லும் தீர்ப்பு. தீபாவளி நெருங்கும்போது கார் கழுவும் கடைகளில் இதற்கென்றே பணம் செலவழிப்பவர்கள் உண்டு. கடையை விட்டு வரும்போது கார் பளபளக்கும். சில வாரங்களில் தேமல் திரும்பிவிடும், முன்பைவிடச் சற்றுப் பெரிதாக.

காரணம் எளிது. சாயம் வெளுப்பது வேறு, மேல்பூச்சு உரிவது வேறு. வெளுத்ததைப் பாலிஷ் மீட்டுத் தரும். உரிந்ததை எந்தப் பாலிஷும் மீட்காது. இந்த வேறுபாடு தெரியாததால்தான் பணம் வீணாகிறது. அதைவிட முக்கியமாக, உண்மையிலேயே கவனிக்க வேண்டிய துரு கவனிக்கப்படாமல் போகிறது.

தகரத்தின் மேல் நான்கு அடுக்கு

காரின் சாயம் ஒரே பூச்சு அல்ல. தொழிற்சாலையில் முதலில் தகரத்தின் மேல் துருத்தடுப்புப் பூச்சு ஏறுகிறது. அடுத்தது பிரைமர். அதன் மேல் நிறம் தரும் பூச்சு. கடைசியாக நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. இதைத்தான் கிளியர் கோட் என்கிறார்கள். பட்டறைகளில் சுருக்கமாக 'கிளியர்'.

நான்கும் சேர்ந்தே ஏறக்குறைய 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 0.04 முதல் 0.05 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த மெல்லிய அடுக்குதான் காரின் பளபளப்பைத் தருகிறது; நிறத்தைக் காக்கவும் செய்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கிக்கொள்ளும் வேதிப்பொருள்கள் இதில் கலக்கப்பட்டிருக்கின்றன. நாம் முகத்தில் பூசும் சன்ஸ்கிரீன் போன்றது என்று சொல்லலாம்.

நம் ஊரில் ஏன் சீக்கிரம் உரிகிறது?

சன்ஸ்கிரீனைப் போலவே கிளியர் கோட்டில் உள்ள பாதுகாப்புப் பொருளும் காலப்போக்கில் தீர்ந்துபோகிறது. அதன் பிறகு கதிர்கள் கீழே உள்ள நிறப்பூச்சைத் தொடுகின்றன. நிறப்பூச்சு மாவு போல் நொய்ந்து, மேல் அடுக்கைப் பிடித்து வைத்திருக்கும் வலுவை இழக்கிறது. நுண்ணிய வெடிப்பு வழியே மழைநீர் உள்ளே இறங்குகிறது. மேல்பூச்சு தூக்கிக்கொள்கிறது. அதைத்தான் நாம் உரிதல் என்கிறோம்.

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய மூன்று பாகையில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் நண்பகல் வெயில் ஏறத்தாழ நேர் மேலிருந்து விழுகிறது. ஆகவே கூரை, பானட், பூட் மூடி ஆகியவையே முதலில் அடிபடுகின்றன. கதவுகள் செங்குத்தாக இருப்பதால் தப்பித்துக்கொள்கின்றன. காலையில் கொதிக்கும் தகரத்தின் மேல் மாலையில் கொட்டும் மழையும் தன் பங்குக்கு வேலை செய்கிறது.

வெயில் மட்டுமே காரணம் அல்ல. பறவை எச்சத்தில் அமிலம் இருக்கிறது. சூடான பானட்டில் அது காய்ந்தால் பூச்சை அரித்து அச்சுப் பதித்துவிடும். மரத்தடியில் நிறுத்தினால் பால் சொட்டுகிறது. தோட்டத்துச் செம்மண் தூசியை உலர்ந்த துணியால் துடைத்தால் அது மணல் தாளால் தேய்ப்பதற்குச் சமம். ஆண்டுக்குப் பல முறை இயந்திரப் பாலிஷ் போடுவதும் ஆபத்துதான். ஒவ்வொரு முறையும் அந்தத் தலைமுடி அளவு அடுக்கிலிருந்து கொஞ்சம் குறைகிறது.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். கூரையும் பானட்டும் நன்றாக இருக்க, ஒரு பக்கத்துக் கதவோ பம்பரோ மட்டும் உரிந்தால், அந்தப் பகுதி முன்பு எப்போதோ மறுசாயம் பூசப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். சரியாகத் தேய்க்காமல் அவசரத்தில் அடித்த பூச்சு தொழிற்சாலைப் பூச்சுக்கு முன்பே விட்டுவிடும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அந்தப் பக்கம் மோதி அடிபட்டதா என்று விற்பவரிடம் கேட்பதில் தவறில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

பட்டறைக்குப் போகும் முன் மூன்று சோதனைகளை நீங்களே செய்து பார்க்கலாம்.

முதலாவது, வெள்ளைத் துணிச் சோதனை. வெளியே தெரியாத ஓர் இடத்தில் சிறிது பாலிஷ் வைத்து வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால் மேலே கிளியர் கோட் இல்லை என்று பொருள். பழைய வண்டிகள் சிலவற்றில், குறிப்பாக வெள்ளை, சிவப்பு போன்ற மினுமினுப்பு இல்லாத நிறங்களில், கிளியர் கோட்டே இருக்காது. நிறப்பூச்சே வெளியில் நிற்கும். அது வெளுத்து மாவு படிந்திருந்தால் நல்ல செய்திதான். காம்பவுண்டு போட்டுத் தேய்த்து மெழுகு பூசினால் பெரும்பாலும் நிறம் திரும்பும்.

இரண்டாவது, நகச் சோதனை. தேமலின் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். படி போல ஓர் ஏற்ற இறக்கம் தட்டுப்பட்டாலோ, நகத்தில் செதில் வந்தாலோ, அங்கே கிளியர் கோட் போய்விட்டது. பாலிஷுக்குக் கொடுக்கும் பணம் அந்த இடத்தைப் பொறுத்தவரை வீண்.

மூன்றாவது, வெடிப்பைத் தேடுவது. வெயிலில் குனிந்து பார்த்தால் பூச்சுக்குள் கோழிக்கால் தடம் போல நுண்ணிய கோடுகள் தெரியலாம். இன்னும் உரியவில்லை என்றாலும் அந்த இடமும் கை மீறியதுதான்.

செதிலோ வெடிப்போ இல்லாமல் வெறுமனே மங்கியிருந்தால் மட்டும் பாலிஷ் கைகொடுக்கும்.

ஏமாற்றும் வைத்தியங்கள்

தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், பற்பசை என்று கைவைத்தியம் பல உண்டு. எண்ணெய் தடவினால் தேமல் மறைந்தது போலத் தெரியும். ஈரமான துணி அடர் நிறமாகத் தெரிவது போலத்தான் அது. மழை பெய்ததும் போய்விடும், தூசியும் ஒட்டும். பின்னாளில் சாயம் பூசும்போது எண்ணெய்ப் பிசுக்கும் சிலிக்கோனும் மிச்சம் இருந்தால் புதுப் பூச்சில் குழி குழியாக விழும். பற்பசை மெல்லிய மணல் போல. நன்றாக இருக்கும் பூச்சையும் சேர்த்துத் தேய்க்கும்.

உரிந்த இடத்தின் மேலேயே கடையில் வாங்கிய கிளியர் ஸ்பிரேயை அடிப்பதும் நிலைக்காது. உரிந்துகொண்டிருக்கும் ஓரத்தின் மேல் எதைப் பூசினாலும் அது அந்த ஓரத்தோடு சேர்ந்தே உரியும். ஸ்டிக்கர் ஒட்டி மறைப்பதும் அப்படித்தான். ஸ்டிக்கர் பிடித்துக்கொள்வது தகரத்தை அல்ல, உரியும் பூச்சை.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?

சரியான வழி ஒன்றுதான். உரிந்த பூச்சை ஓரம் தட்டுப்படாத வரை மணல் தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். தகரம் தெரிந்த இடத்தில் பிரைமர், பிறகு நிறம், பிறகு கிளியர். கூரையின் நடுவில் ஒரு வட்டம் மட்டும் அடித்து நிறுத்தினால் பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேரும் கோடு நாளடைவில் தெரியும், அங்கேயே மீண்டும் உரியும். ஆகவே கிளியரை அந்தப் பகுதி முழுவதற்கும், ஓரம் வரை அடிக்கச் சொல்லுங்கள்.

வேலையை ஒப்படைக்கும் முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: பழைய கிளியரை முழுவதும் தேய்த்து எடுப்பீர்களா? ஹார்டனர் கலக்கும் 'டூ-கே' கிளியரா? எத்தனை பூச்சு? நிறத்தைக் குறியீட்டுப்படி கலக்கிறீர்களா, இப்போதுள்ள வெளுத்த நிறத்துக்குப் பொருத்துகிறீர்களா? குறியீடு என்ஜின் பகுதியிலோ கதவு ஓரத்திலோ உள்ள தகட்டில் இருக்கும். ஆனால் இருபது ஆண்டு வெயில் கண்ட காரில் குறியீட்டு நிறம் தனியாகத் தெரியும் என்பதால் கண்ணால் பொருத்துவதும் தேவை.

மிகக் குறைந்த விலை சொல்லும் இடத்தில் பெரும்பாலும் மிச்சப்படுத்தப்படுவது சாயம் அல்ல, தேய்க்கும் நேரம். உரியாத பூச்சின் இரகசியமே அந்தத் தேய்ப்பில்தான் இருக்கிறது.

அழகு பிறகு, துரு முதலில்

கையில் இருக்கும் பணம் கொஞ்சம்தான் என்றால் எதை முதலில் செய்வது? கிளியர் உரிந்த கார் பார்க்க அழகாக இருக்காது. ஆனால் நிறப்பூச்சும் பிரைமரும் இருக்கும் வரை தகரம் உடனே கெடாது. துரு அப்படி அல்ல, அது காத்திருக்காது.

சக்கர வளைவு, கதவின் அடிப்பாகம், முன் கண்ணாடியின் ஓரம், பூட் மூடியின் விளிம்பு ஆகிய இடங்களில் சாயம் கொப்புளம் போல உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் உள்ளே துரு வேலை செய்கிறது. அதன் மேல் புட்டி அப்பிச் சாயம் அடித்தால் சில மாதம் மறையும், பிறகு ஓட்டையாகத்தான் வெளியே வரும். துருவை அடிவரை சுரண்டி எடுத்து, துருத்தடுப்பு பிரைமர் பூசிய பிறகே மற்றது. அடித்தளச் சட்டத்திலோ, சீட் பெல்ட் பிடித்திருக்கும் இடத்திலோ துரு இருந்தால் அது அழகுப் பிரச்சனை அல்ல, உயிர்ப் பிரச்சனை.

தோட்டத்தில் பிக்-அப் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் குளோரைடு உப்பு வகை. சாக்கிலிருந்து சிந்தியது ஈரத்தோடு சேர்ந்தால் கடல் நீரைப் போல் தகரத்தை அரிக்கும். உரம் ஏற்றிய அன்றே பின் தட்டையும் அடிப்பகுதியையும் நல்ல நீரால் கழுவிவிடுங்கள். கதவுகளின் அடியில் உள்ள வடிகால் துளைகள் மண்ணால் அடைபட்டிருந்தால் குத்தி விடுங்கள்.

வீட்டில் அடிக்கும் இளைஞர்களுக்கு

மோட்டார் சைக்கிள் கவரையும் காரின் பானட்டையும் வீட்டு முன்புறத்திலேயே ஸ்பிரே அடிக்கும் இளைஞர்கள் நம்மிடையே நிறைய பேர். இதையே தொழிலாகக் கொண்டவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தப் பகுதி.

டூ-கே கிளியரின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. தொழில் சார்ந்த ஆஸ்துமாவுக்கு உலகெங்கும் அறியப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. இதன் ஆபத்தான அளவை மூக்கால் உணர முடியாது. துணி முகக்கவசமும் மருந்தகத்தில் வாங்கும் முகக்கவசமும் இதைத் தடுக்காது. தொழில்முறையில் அடிப்பவர்களுக்குத் தேவை, வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று தரும் முகக்கவசம், கையுறை, காற்றை உறிஞ்சி வெளியேற்றும் அறை. கேனில் வரும் டூ-கே கிளியரிலும், அதாவது அடியில் உள்ள பொத்தானை அழுத்தி ஹார்டனரைக் கலக்கும் வகையிலும், இதே பொருள்தான்.

உடல் ஒருமுறை இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சை அடைக்கப் போதும். வேலை நாள்களில் இருமல், இரவில் நெஞ்சு இறுக்கம், விடுமுறை நாளில் மட்டும் நிம்மதி என்று இருந்தால் மருத்துவரிடம் உங்கள் வேலை என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொழில் சார்ந்த நோய்க்குச் சொக்சோ பாதுகாப்பு உண்டு. முதலாளி உங்களைப் பதிந்து சந்தா கட்டுகிறாரா என்பதை இன்றே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்கும் சொக்சோவில் தனித் திட்டம் இருக்கிறது.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் டூ-கே ஸ்பிரேயை வீட்டருகே அடிக்கவே வேண்டாம்.

நிறத்தை மாற்றுகிறீர்களா?

அதே நிறத்தில் மறுசாயம் பூசினால் பிரச்சனை இல்லை. "எப்படியும் முழுக்க அடிக்கிறோம், கறுப்பா மாத்திடலாம்" என்று முடிவெடுத்தால், 'கிராண்ட்' எனும் பதிவுப் பத்திரத்தில் உள்ள நிறமும் மாற வேண்டும். வேலையைத் தொடங்கும் முன்பே ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையில் நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாலைத் தடுப்புச் சோதனையிலும், பிறகு காரை விற்கும்போதும் வரும் சிக்கலைத் தவிர்க்கலாம்.

இருப்பதைக் காப்பாற்ற

• முடிந்தவரை நிழலில் நிறுத்துங்கள். ஆனால் பால் சொட்டும் மரத்தடியைத் தவிருங்கள்.

• பறவை எச்சத்தைக் காய விடாதீர்கள். ஈரத்துணியை மேலே சிறிது நேரம் வைத்து ஊறிய பிறகு எடுங்கள்.

• முதலில் நீரை ஊற்றி மண்ணைக் கழுவிவிட்டு, அதன் பிறகே துணி போடுங்கள். கொதிக்கும் வெயிலில் கழுவ வேண்டாம்.

• துணி துவைக்கும் தூளும் பாத்திரம் கழுவும் சோப்பும் மெழுகை நீக்கிவிடும். கார் ஷாம்பு பயன்படுத்துங்கள்.

• இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால் மெழுகு பூசுங்கள். கூரைக்கும் பானட்டுக்கும் அவசியம். மெழுகு பூச்சைக் காக்கும்; பாலிஷ் பூச்சைத் தேய்க்கும். இரண்டும் ஒன்றல்ல.

• ஈரமான காருக்கும் தூசி படிந்த காருக்கும் உறை போட்டு மூட வேண்டாம்.

பிள்ளைகளைப் பள்ளிக்கும் நம்மை வேலைக்கும் கொண்டு சேர்க்கும் கார், பத்து இருபது ஆண்டு ஓடிய பிறகு தோல் உரிவது இயல்பு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த வார இறுதியில் காரைக் கழுவும்போது வெள்ளைத் துணியும் விரல் நகமும் கொண்டு ஒரு சோதனை செய்துவிடுங்கள். கதவின் அடியில் கொப்புளம் இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். தீபாவளிக்குப் பாலிஷ் போட எடுத்து வைத்த பணம் எங்கே போக வேண்டும் என்பதை அந்தப் பத்து நிமிடம் சொல்லிவிடும்.