ராஜேந்திரன் ஜொகூருக்கு வந்தானா?

தே தாரிக் சூடாக இருக்கிறது, மெல்லக் குடி தம்பி. நீ கேட்டது ஒரே வாயில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை.

கூலாயிலிருந்து கொஞ்ச தூரம்தான் கோத்தா திங்கி. அந்தப் பக்கத்துக் காட்டுக்குள் கோத்தா கெலாங்கி என்ற பழைய நகரம் புதைந்து கிடக்கிறது என்று 2005-இல் பேப்பரெல்லாம் ஒரே பேச்சு. மறு வருடமே அப்படி ஒன்றும் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அந்தப் பேச்சுக்கு வேர் ‘செஜாரா மெலாயு’ என்ற பழைய மலாய் நூல். இந்தியாவிலிருந்து பெரும்படையோடு வந்த ராஜா ஒருவன் ஜொகூர் ஆற்றுப் பக்கம் இருந்த கருங்கல் கோட்டையைப் பிடித்தான் என்கிறது அது. பிறகு துமாசிக், அதாவது இன்றைய சிங்கப்பூர், போய்ச் சீனாவுக்குக் கிளம்பப் பார்க்கிறான். சீனத்து ராஜா என்ன செய்தார் தெரியுமா? துருப்பிடித்த ஊசிகளையும் பல்லுப் போன கிழவர்களையும் கப்பலில் ஏற்றி அனுப்பினார். “புறப்பட்டபோது இவை கை பருமன் இரும்புக் கம்பிகள், நாங்கள் வாலிபர்கள்” என்றார்கள் கிழவர்கள். ராஜா மலைத்துப்போய் ஊர் திரும்பிவிட்டான். அந்த ராஜாதான் சோழ ராஜா ராஜேந்திரன் என்பவர்கள் உண்டு. ரசமான கதை. ஆனால் கதைதான்.

கல்வெட்டு வேறு. 1025-இல் ராஜேந்திரன் நடத்திய படையெடுப்பைத் தஞ்சைப் பெரிய கோயில் சுவர் சொல்கிறது. பட்டியலில் பதின்மூன்று ஊர்கள்: முதலில் ஸ்ரீவிஜயம், அதாவது சுமத்ராவின் பலெம்பாங், கடைசியில் கடாரம், நம் கெடா. நடுவே பட்டாணிப் பக்கத்து இலங்காசோகம், ஆச்சே பக்கத்து இலாமுரிதேசம், நிக்கோபார் எல்லாம் வருகின்றன. இதுதான் ஜொகூர் என்று அடித்துச் சொல்ல அதில் ஓர் ஊரும் இல்லை.

ராஜேந்திரனின் கெட்டிக்காரத்தனம் கத்தியில் மட்டும் இல்லை, காற்றிலும் இருந்தது என்பேன். நாகப்பட்டினத்திலிருந்து கெடா இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். தென்மேற்குக் காற்றில் பாய் விரித்தால் கிழக்கே வரலாம். ஊர் திரும்ப வாடைக்காற்று வர வேண்டும். அந்த இடைவெளிக்குள் அடித்தாக வேண்டும். கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்தார்கள், பொக்கிஷத்தை எடுத்தார்கள், போர்வாசலில் இருந்த வித்யாதர தோரணத்தையும் விடவில்லை. உட்கார்ந்து ஆளவும் இல்லை. ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திரன் 1068 வாக்கில் மறுபடி கடாரத்தை வென்று, காலில் விழுந்த அரசனுக்கே திருப்பிக் கொடுத்தான்.

கப்பல்களை நடத்திய தளபதி யார்? அந்தக் கல்வெட்டில் பெயரே இல்லை. புகழ் முழுக்க ராஜாவுக்குத்தான். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

படை திரும்பிப் போய்விட்டது; இந்தப் பக்கம் தங்கிப்போனவர்கள் வியாபாரிகள். சுமத்ராவின் பாருஸ் பக்கம் லோபு துவாவில் 1088-ஆம் வருடத்துத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. நட்டது ஐந்நூற்றுவர் வணிகக் குழு.