பாப்பா எடை ஏறுதா?

பால்வாடியில் மாசாமாசம் குழந்தையை எடை போட்டு, அட்டையில் புள்ளி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். எதற்கு அது?

எங்க அக்கா பையன் பிறந்தபோது 3 கிலோ. நல்லா சிரிச்சு விளையாடுவான். ஆனால் ஏழாம் மாசமும் எட்டாம் மாசமும் எடை ஏறவே இல்லை. "நல்லாத்தானே இருக்கான்" என்றார் பாட்டி. டீச்சர் அட்டையைக் காட்டினார். மேலே போக வேண்டிய கோடு படுத்துவிட்டது! விசாரித்தால், அதுவரை தாய்ப்பால் மட்டும்தான். 6 மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு குழைந்த சாதம், பருப்பு எல்லாம் ஊட்டணுமாம். ஊட்ட ஆரம்பித்ததும் கோடு நிமிர்ந்தது. நம்ம கண்ணுக்குத் தெரியாதது அட்டைக்குத் தெரிந்திருக்கிறது.

பிறந்த சில நாளில் எடை கொஞ்சம் குறையும். பயப்பட வேண்டாம், இரண்டு வாரத்தில் சரியாகும். சுமார் 5 மாதத்தில் பிறந்த எடை இரண்டு மடங்கு, 1 வயதில் மூன்று மடங்கு. நீளம் 50 செ.மீ.யிலிருந்து 75 செ.மீ. ஆகும். (நம்ம ஊர் பீங்கான் பொம்மை சூளையில் வெந்தால் சுருங்கும். பாப்பா நேர் எதிர்!)

2 வயது வரை படுக்க வைத்துத்தான் அளக்கணும். நிற்க வைத்தால் சுமார் 0.7 செ.மீ. குறைவாகக் காட்டும். ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை மெல்ல அமுக்கி நீட்டணும். அழுவான், பரவாயில்லை.

தமிழ்நாட்டில் 1980-லேயே மாதந்தோறும் எடை போடும் திட்டம் வந்துவிட்டது. இப்போதுள்ள அளவு, உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்டது. 6 நாட்டுக் குழந்தைகளை அளந்தார்கள், டெல்லிக் குழந்தைகளும் அதில் உண்டு. ஆகவே 'அது வெள்ளைக்காரப் பிள்ளைக்கு' என்று தள்ள முடியாது. பையனுக்கும் பொண்ணுக்கும் தனித்தனி அட்டை.

போன வாரம் எங்க பையனுக்கு 1 வயது. எடை 9 கிலோ, பச்சைப் பகுதியில் இருக்கிறான்!