மாட்டுக்கு இட்ட மருந்து பாலில் சேரும் விதம்

தாம்பரம், பீர்க்கன்கரணை முதலிய இடங்களில் கறவை மாடு வைத்திருப்போர் யாவரும் அறிய வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. மடிநோய் முதலியவற்றிற்காகப் பசுவுக்குச் செலுத்தும் ஆன்டிபயாட்டிக் மருந்து, நோயுற்ற இடத்தோடு நில்லாமல் பாலிலும் வந்து சேர்கிறது. அதன் காரணத்தை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவாம்.

உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் மெல்லிய சவ்வொன்று மூடியிருக்கிறது. சில மருந்துகள் அச்சவ்வினூடே தாமே கசிந்து செல்லும். வேறு சிலவற்றைச் சவ்வில் பதிந்துள்ள புரதங்கள் சுமந்து செல்கின்றன. இப்புரதத்தின் உட்குழிவில் பொருந்தும் பொருளே பற்றப்படும். பற்றியதும் புரதம் தன் உருவை மாற்றி, ஏற்றச்சால் நீரை முகந்து மேலே கவிழ்ப்பது போல, அதனை மறுபுறம் தள்ளிவிடும்.

மடியில் இத்தகைய புரதமொன்று உளது. அதன் பெயர் ஏ.பி.சி.ஜி.2. ரைபோஃப்ளேவின் என்னும் வைட்டமினைப் பாலில் சேர்ப்பது அதன் நற்றொழில்களுள் ஒன்று. ஆயினும் அதன் குழிவில் என்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளும் பொருந்துவதால், அவற்றையும் பாலில் இறைத்து விடுகிறது. எலி, பசு, மனிதர் ஆகிய மூவினத்திலும் பால் சுரக்கும் காலத்தில் இப்புரதம் மடியில் மிகுதியாக உண்டாவதை நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2005-ஆம் வருஷத்தில் வெளியிட்டனர்.

சிறுநீரகத்திலோ வேறு புரதங்கள் பென்சிலின் முதலியவற்றைச் சிறுநீரில் தள்ளுகின்றன. 1941-ல் ஆக்ஸ்போர்டு நகரில் பென்சிலின் போதாமையால், நோயாளியின் சிறுநீரிலிருந்தே அதனைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தினர். இவ்வாறு மருந்து நாளடைவில் உடலை விட்டு நீங்கும். அதற்குரிய அவகாசம் கொடுப்பதே நமது கடமை.

அவகாசம் கொடாமல் விற்ற பாலில் உறைமோர்க் கிருமிகள் வளராமல் தயிர் தோயாது போகலாம். பென்சிலின் ஒவ்வாதவர்க்குத் தீங்கு நேரலாம். காய்ச்சுவதால் இம்மருந்துகள் முற்றும் அழிவதில்லை. இவற்றினும் பெருங்கேடு, அற்ப அளவு மருந்தில் பழகிய கிருமிகள் அதனை எதிர்க்கும் வன்மை பெறுவதாம். டெட்ராசைக்கிளினுக்கு அடங்காத கிருமிகள் பலவற்றில், உட்புகுந்த மருந்தை வெளியே இறைக்கும் புரதம் உண்டு. அத்தகைய கிருமி பரவினால், மாட்டுக்கும் மனிதனுக்கும் அம்மருந்து பயன்படாது.

ஆகையால் குடியானவர்கள் கவனிக்க வேண்டுவன:

1. கால்நடை மருத்துவர் சொல்லாமல் இம்மருந்துகளை இடலாகாது.
2. ஊசியிட்ட நாளையும் மருந்தின் பெயரையும் குறித்து வைக்க வேண்டும்.
3. அம்மாட்டின் கொம்பில் துணி கட்டி அடையாளமிட்டு, அதனைக் கடைசியில் தனியே கறக்க வேண்டும்.
4. மருந்துச் சீட்டில் கண்ட விலக்கு நாட்கள் கழியும் வரை அப்பாலை விற்றலும், கன்றுக்கு ஊட்டுதலும் கூடாது.

சந்தேகமுள்ளவர் காட்டுப்பாக்கத்திலுள்ள கால்நடைப் பல்கலைக்கழக நிலையத்தில் விசாரித்தறியலாம். கிராம உத்தியோகஸ்தர்கள் இதனைப் பால் கூட்டுறவுச் சங்கங்களில் வாசித்துக் காட்டுவராயின் பலருக்கும் உபகாரமாகும். சில நாட்பால் நஷ்டமாயினும், வாங்குவோர் நம்பிக்கையும் மருந்தின் வன்மையும் கெடாதிருப்பது அதனினும் பெரிய லாபமாம்.