உறங்காத இரவும் உழைக்கும் பெண்ணும்: மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கால நித்திரையின்மை பற்றிய சில குறிப்புகள்

தமிழிலக்கியத்திலே உறங்காத பெண் புதியவளல்லள். குறுந்தொகையின் 6 ஆம் பாடலில் பதுமனார் படைத்த தலைவி, உலகம் முழுவதும் துயில்கையில் தான் ஒருத்தி மட்டும் துயிலாதிருத்தலை எடுத்துரைக்கிறாள். துயிலின்மை பிரிவுத்துயரின் குறியாகி, அகப்பாடல் மரபில் நிலைபெற்றுவிட்டது. ஆயின் அம்மரபு யாருடைய விழிப்பைப் பாடற்குரியதாகக் கொண்டது என்பது கேட்கப்பட வேண்டிய வினாவாகும். அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தியது தொல்காப்பியம். காதலால் உறங்காதவளுக்குக் கிடைத்த கௌரவம், நோயாலும் வேலையாலும் உறங்காதவளுக்குக் கிடைக்கவில்லை.

அத்தகைய விழிப்புக்களுள் ஒன்றே இக்கட்டுரையின் பொருள். இலங்கைப் பெண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயாகும். அறுவைச் சிகிச்சை பற்றியும் முடி கொட்டுதல் பற்றியும் நம்மவர் ஓரளவு பேசத் தலைப்பட்டுள்ளனர். நித்திரையின்மையோ நோயின் முன்னே ஓர் அற்ப விடயமாகக் கருதப்பட்டு, சொல்லப்படாமலே போய்விடுகின்றது. அது அற்பமன்று. சொல்லப்படாத நித்திரையின்மை சிகிச்சையையே இடைநடுவில் நிறுத்திவிடக்கூடியது. இக்கட்டுரையாளர் மருத்துவரல்லர், எனினும் கிளினிக் வாசலில் நோயாளியுடன் பல மணிநேரம் காத்திருந்தவர் என்ற வகையில் சிலவற்றைக் குறிப்பிடுதல் தகும்.

எனது சின்னம்மா இரத்மலானையில், புகையிரதப் பாதைக்குச் சமீபமாக, ஒற்றை அறை கொண்ட வாடகை வீட்டில் வசிப்பவர். ஆடைத் தொழிற்சாலையொன்றில் தையல் வேலை செய்தவர். மகரகம வைத்தியசாலை அங்கிருந்து பத்துக் கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்திலேயே உள்ளது. ஆயினும் இரண்டு பஸ் மாறி உரிய நேரத்துக்குச் சென்று வரிசையில் நிற்பதற்கு அதிகாலையிலேயே எழுந்தாக வேண்டும். எழுமுன் சமைத்து வைக்கவும் வேண்டும். (வடபகுதிப் பெண்களின் நிலை இதனினும் கடினமாக இருந்தது. 2011 இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டப்பட்ட நிதியைக் கொண்டு தெல்லிப்பழையில் 2013 இல் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்படும் வரை, அவர்களுட் பலர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உறவினர் வீடுகளில் ஒண்டிக்கொண்டே மகரகமவுக்குச் சென்று வந்தனர்.)

சின்னம்மாவின் விழிப்பு இரு கட்டங்களாக வந்தது. முதலாவது, கீமோதெரபி ஏற்றப்பட்ட நாட்களில். மருந்து ஏறிய இரவும் மறு இரவும் உடல் அசதியாயிருக்க, மனம் மட்டும் பரபரத்துக் கொண்டிருக்கும். இதை அவர் மரணபயம் என்றே எண்ணினார். பயமும் இல்லாமலில்லை, ஆனால் பெருமளவுக்கு அதன் காரணம் ஒரு மாத்திரை. வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுப்பதற்காகக் கீமோவுடன் கொடுக்கப்படும் டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீரொய்ட் நித்திரையைக் கெடுக்கவல்லது. அதன் செயல் ஒன்றரை நாளுக்கு மேலும் உடலில் நீடிக்கக்கூடியது. காலையிலும் மாலையிலும் எடுக்கும்படி எழுதப்பட்டிருப்பின், இரண்டாவது வேளையை நண்பகலுக்கு அண்மையாக மாற்றலாமா என மருத்துவரிடம் கேட்கலாம். பலருக்கு இம்மாற்றம் பயன் தருவதுண்டு. தாமாக நிறுத்துதல் ஆகாது. தன் மனத்தின் பலவீனம் என்று ஒருத்தி நாணிக்கொண்டிருந்தது, ஒரு மாத்திரையின் வேளை சம்பந்தப்பட்ட விடயமாக இருந்தது என்பதை அறிதலே ஒரு விடுதலைதான்.

இரண்டாவது கட்டம் நீண்டது, ஆபத்தும் கூடியது. ஹோர்மோனால் தூண்டப்படும் வகைப் புற்றுக்கு டமொக்சிபென் மாத்திரை குறைந்தது 5 ஆண்டுகளுக்குத் தரப்படுகின்றது. சிலருக்கு 10 ஆண்டுகள். மன்செஸ்ரரில் முதன்முதலாக இந்நோய்க்குப் பரீட்சிக்கப்பட்ட இம்மருந்து, 5 ஆண்டுகள் ஒழுங்காக உட்கொள்ளப்படின், இவ்வகை நோயால் 15 ஆண்டுகளுள் நேரும் இறப்பை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கால் குறைக்கின்றது. ஆனால் அது பெண்ணின் உடலில் மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒத்த நிலையை உண்டாக்கும். திடீரெனக் கழுத்திலும் முகத்திலும் அனல் ஏறும், உடுப்பு நனையும்படி வியர்க்கும், பின்னர் குளிரும். கொழும்பின் புழுக்கத்தில், டெங்குப் பயத்தால் நுளம்புவலைக்குள், மூவர் நால்வர் படுத்திருக்கும் அறையில் இது இரவுக்கு மூன்று நான்கு முறை நேர்ந்தால் நித்திரை ஏது? சின்னம்மா ஒருவருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். நான்கு மாதங்களின் பின்னரே எனக்குத் தெரியவந்தது. ஏன் கிளினிக்கில் சொல்லவில்லை என்று கேட்டபோது, “நித்திரை வராததெல்லாம் ஒரு வருத்தமே? அதையும் போய் டொக்டரிட்டைச் சொல்லுறதே?” என்றார்.

அனலேறுவதைத் தணிக்கும் மருந்துகள் உள்ளன. மாத்திரையை உட்கொள்ளும் வேளையை மாற்றிப் பார்ப்பது சிலருக்கு உதவுகின்றது. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். அனலுக்கும் மனச்சோர்வுக்கும் வழங்கப்படும் சில மருந்துகள், குறிப்பாகப் பரொக்செற்றீனும் புளுவொக்செற்றீனும், டமொக்சிபென் உடலில் செயல்வடிவம் பெறுவதைத் தடுக்கின்றன. ஆகவே தனியார் மருத்துவரிடமோ மருந்துக்கடையிலோ நித்திரைக்கென ஒன்றை வாங்குமுன், டமொக்சிபென் எடுப்பதைச் சொல்லியாக வேண்டும். வீட்டுக் கசாயங்களுக்கும் இது பொருந்தும். வழமையான நித்திரைக் குளிசைகள் சில நாட்களுக்கு உதவலாம். மாதக்கணக்கில் எடுப்பின் அவையின்றி உறங்க இயலாத நிலை உருவாகும்.

நாட்பட்ட நித்திரையின்மைக்கு இன்று மருத்துவ உலகம் முதலாவதாகப் பரிந்துரைப்பது குளிசையை அன்று. பழக்கங்களை மாற்றியமைக்கும் உளவியல் முறையையே. இதன் ஒரு கூறை 1972 இல் ரிச்சட் பூற்சின் என்னும் அமெரிக்க உளவியலாளர் வகுத்தளித்தார். நித்திரை வந்தால் மட்டுமே படுக்கைக்குச் செல்லுதல், ஏறத்தாழ 20 நிமிடத்துள் உறக்கம் வராவிடின் எழுந்து மற்றோர் அறைக்குச் செல்லுதல், எவ்வளவு உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுதல் என்பன அதன் சாரம். விழித்தவாறு படுக்கையிற் புரளப் புரள, படுக்கையே விழிப்பின் குறியாகிவிடுகிறது என்பது இதன் அடிப்படை. சிறந்த உளவியல், ஆயினும் ‘மற்றோர் அறை’ என்னும் சொற்றொடரைக் கவனித்தல் வேண்டும். விஞ்ஞான அறிவுரையும் ஒரு வர்க்கத்தின் வீட்டமைப்பை மனத்திற் கொண்டே எழுதப்படுகிறது! இரத்மலானையின் ஒற்றை அறை வீட்டில் எங்கே செல்வது? எனினும் அங்கே கட்டிலுக்குப் பதிலாகப் பாய் உண்டு. பாயைச் சுருட்டி வைத்துவிடலாம். சுருட்டிய பாய் படுக்கையன்று. மீண்டும் கண் சொருகும்போது விரித்தால் போதும். இதனைச் சின்னம்மாவே கண்டுபிடித்தார். ஈரத்துணி, மாற்றுவதற்குப் பருத்திச் சட்டை, பிற்பகல் 2 மணிக்குப் பின் பிளேன்ரீயைத் தவிர்த்தல், பகலில் உறங்கின் அரைமணி நேரத்துக்கு மேற்படாமை, அறுவை செய்த பக்கத்துக் கையைத் தலையணையில் உயர்த்தி வைத்தல் ஆகியவை பணம் வேண்டாத உபாயங்கள்.

பணம் வேண்டாதவை என்றேன், நேரம் வேண்டும். நித்திரைக்குரிய பொழுதையும் மூலதனம் எவ்வாறு விழுங்க முற்படுகிறது என்பதை, 1867 இல் வெளிவந்த மூலதனத்தின் முதற்பாகத்தில், வேலைநாள் பற்றிய அதிகாரத்தில் மார்க்ஸ் விரிவாகக் காட்டினார். 1886 இல் சிக்காகோத் தொழிலாளர் எழுப்பிய எட்டுமணி நேரக் கோரிக்கையும் ஓய்வுக்கான போராட்டமே. ஆனால் அந்தக் கணக்கில் அடுப்படி வேலை சேரவில்லை. கீமோ பெறும் பெண்ணும் அதிகாலை 4 மணிக்குத் தேங்காய் துருவுகிறாள் எனின், அவளுக்குச் சொல்லப்படும் ‘நன்றாக ஓய்வெடுங்கள்’ என்ற அறிவுரை எவருக்குச் சொல்லப்பட்டதாகும்? நம் முற்போக்கு நண்பர்களின் வீடுகளிலும் இது பெரிதும் வேறுபட்டதாகத் தெரியவில்லை. அத்துடன், இச்சிகிச்சையால் வரும் களைப்பு படுத்துக்கிடப்பதால் மட்டும் தீருவதன்று. நாள்தோறும் இயன்றளவு நடத்தலே அதனைக் குறைக்கும் என்பது ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ளது. தேங்காய் துருவுவதும் உடற்பயிற்சிதானே என்று யாரேனும் வாதிடலாம். பக்ளிடக்செல் மருந்தினால் விரல்நுனிகள் விறைத்துப்போன பெண்ணிடம் அதைக் கேட்டுப் பார்க்கட்டும். ஊசி நூலால் வாழ்ந்தவருக்கு அவ்விறைப்பு வேலையிழப்பின் மறுபெயர்.

எல்லா விழிப்பும் பொறுத்துக்கொள்ளக்கூடியதன்று. கீமோ ஏற்றிய பின், பொதுவாக 7 முதல் 14 நாட்களுக்குள், வெண்குருதிக் கலங்கள் மிகக் குறைந்திருக்கும். அப்போது இரவில் 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சலோ நடுக்கமோ காணின் விடியும்வரை காத்திருத்தல் ஆபத்து. உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். வெப்பமானி வைத்துப் பார்க்குமுன் பனடோல் விழுங்கினால் காய்ச்சல் மறைந்துவிடும், கிருமித்தொற்று மறையாது. வியர்வைக்கும் காய்ச்சலுக்கும் இடையிலான வேறுபாட்டை அறிய ஒரு வெப்பமானி போதும்.

எஞ்சியிருப்பது மொழி. தானும் 1975 இல் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான சூசன் சொன்ராக், நோயைச் சுற்றிப் பின்னப்படும் உருவகங்கள் நோயாளியையே குற்றவாளியாக்குவதை 1978 இல் தம் நூலொன்றில் விளக்கினார். கறுப்பினக் கவிஞரான ஓட்ரி லோர்ட், மார்பகம் அகற்றப்பட்ட அனுபவத்தை 1980 இல் நாட்குறிப்புக்களாக வெளியிட்டபோது, மௌனம் எவரையும் காப்பதில்லை என்ற நிலைப்பாட்டில் நின்றே எழுதினார். தமிழில் ‘புற்று’ பாம்பு குடியிருக்கும் இடமுமாகும். அச்சம் சொல்லிலேயே இருக்கின்றது. இதனோடு மற்றொரு மௌனமும் சேர்கிறது. 1987 இன் 13 ஆவது திருத்தத்தின்பின் தமிழ் அரசகரும மொழியாயினும், மருத்துவர் சிங்களமும் நோயாளி தமிழும் பேசும் கிளினிக்கில், ஒருவருக்கு ஒதுக்கப்படும் சில நிமிடங்களில் ‘நோகிறதா’, ‘வாந்தியா’ என்ற அளவிலேயே உரையாடல் முடிவது வியப்பன்று. இரவில் அனல் ஏறுகிறது என்பதை எந்த மொழியில், எந்தச் சொல்லால், எத்தனை பேர் கேட்கச் சொல்வது?

நாங்கள் செய்தது எளிய காரியம். பழைய கொப்பித் தாளொன்றில் இரு வாரங்களுக்குக் குறித்தோம்: படுத்த நேரம், விழித்த நேரம், எத்தனை முறை வியர்த்தது, அன்று எடுத்த மருந்து. மாத்திரையை நிறுத்திய மாதங்களையும் மறைக்கவில்லை. அயல்வீட்டுச் சிங்களப் பெண், அவரும் அதே தொழிற்சாலையில் வேலை செய்தவர், அத்தனையையும் சிங்களத்தில் எழுதித் தந்தார். மருத்துவர் தாளை இருமுறை வாசித்தார், ஏசவில்லை. மாத்திரை மீண்டும் தொடங்கியது, இம்முறை காலையில். அனலுக்கும் ஒரு மருந்து எழுதப்பட்டது. வியர்ப்பது குறைந்துள்ளது, நிற்கவில்லை. இப்போதும் வாரத்தில் ஓரிரு நாள் 3 மணிக்கு விழிப்பு வருகிறதாம். பாயைச் சுருட்டி வைத்துவிட்டுச் சின்னம்மா வாசற்படியில் அமர்ந்திருப்பார். காலைப் புட்டை மகன் அவிக்கிறான்; மா குழைக்கும் பதம் அவனுக்கு இன்னும் சரிவரவில்லை.