பொத்தானை அமுக்கினால் புது நாதம்!

ஒரு பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டுக்கு வேறு நாதம் வேண்டும். சபை காத்திருக்கிறது. 'சிந்தசைசர்' வாசிப்பவர் என்ன செய்வார்?

1970-ல் அமெரிக்காவில் வந்த 'மினிமோக்' சிந்தசைசருக்கு ஞாபக சக்தி கிடையாது. குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகித்தான் நாதத்தை மாற்ற வேண்டும். எந்தக் குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்று தாளில் குறித்து வைத்துக்கொள்வார்கள். மேடையின் மங்கிய வெளிச்சத்தில் ஒரு குமிழ் பிசகினால் போதும், குழல்போல் இழைய வேண்டியது பிளிறும்!

1978-ல் கலிபோர்னியாவில் டேவ் ஸ்மித் 'பிராபட்-5' சிந்தசைசரை வெளியிட்டார். குமிழ்களின் நிலையை அதுவே எண்களாகக் குறித்துக்கொண்டது. 40 நாதங்கள்! பொத்தானை அமுக்கினால் வேண்டிய நாதம் திரும்பி வரும்.

இன்றோ வேறு தொல்லை. ஒரே சிந்தசைசரில் ஆயிரத்துக்கு மேல் நாதங்கள் உண்டு. தேடுவதற்குள் பாட்டு ஆரம்பமாகிவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள், கச்சேரியில் பாட்டுகள் வரும் வரிசைப்படியே நாதங்களை அடுக்கிவிடுகிறார்கள். அப்புறம் காலால் ஒரு மிதி. கை கட்டையை விட்டு அகலாது!