சேற்றில் சிக்கிய டிராக்டர் ஏன் பின்புறமாகக் கவிழ்கிறது?

உத்திரமேரூரை அடுத்த பெருநகர் போன்ற ஏரிப்பாசன ஊர்களில், நடவுக்கு முன் சேறடிக்கும் டிராக்டரின் பின்சக்கரங்கள் புதைந்துவிட்டால், வேகத்தைக் கூட்டி முன்னோக்கி ஏற முயல்வதே பலரின் முதல் எண்ணம். ஆபத்தும் அங்கேயே தொடங்குகிறது.

பாட்டில் மூடியை அசையாமல் பிடித்துக்கொண்டு திருகிப் பாருங்கள், பாட்டில்தானே சுழலும்? அவ்வாறே, சக்கரம் உருள முடியாதபோது, எஞ்சினின் விசை பின் அச்சைச் சுற்றி வண்டியின் உடலையே திருப்புவதால் முன்பகுதி மேலெழுகிறது. எடைமையம், அதாவது முழு எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி, அச்சுக்கு நேர்மேலே கடந்ததும் ஈர்ப்புவிசை மீதியை முடித்துவிடுகிறது. ஒன்றரை நொடிக்குள் இவ்வளவும் நடந்துவிடலாம் என்பதால், கிளட்சை மிதிக்கலாம் என்று நம்பியிருப்பது வீண்.

சக்கரத்தோடு கட்டையைக் கட்டி ஏற்றுவது சுழற்சியை இன்னும் வலுவாக்கும். பின்கியரிலோ விசை முன்பகுதியைத் தரையோடு அழுத்துகிறது. வண்டி கவிழ்ந்தாலும் உயிர் காக்க, ஓட்டுநர் இருக்கைக்கு அரணாக நிற்கும் இரும்புச் சட்டகத்தைப் புதிய டிராக்டர்களுக்கு ஸ்வீடன் 1959இலேயே கட்டாயமாக்கியது. சீட் பெல்ட் அணிந்தவரை அது நசுங்காமல் காக்கிறது.